எல்லாம்மாவும் லூயிஸ் அண்ணாச்சியும்

ஜாஸ் என்று சொன்னதுமே நம் மக்களில் முக்கால்வாசிப் பேர் "அது பெரிய ஹோட்டல்ல சாப்பிடறப்ப வாசிப்பாங்களே, அதானே?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். மீதிக் கால்வாசி சாக்ஸஃபோன் என்றதும் கத்ரி கோபால்நாத்தை நினைத்துக்கொள்வார்கள். இரண்டிலும் தப்பில்லை. ஆனால் ஜாஸில் ஒரு மூலை இருக்கிறது. அங்கே நுழைய எந்தப் பயிற்சியும் வேண்டாம். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிற டூயட். டூயட் கேட்கத் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

அப்படி ஒரு ஜோடியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். அந்த அம்மாவின் பெயரில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. "எல்லா பாட்டும் நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் அவருடைய பாட்டா, மொத்தப் பாட்டுமா என்று குழம்பும். அதனால் எங்கள் வீட்டில் அவர் எல்லாம்மா. இவர் லூயிஸ் அண்ணாச்சி. நான் பாளையங்கோட்டைக்காரன், மதிப்பான ஆம்பிளை யாராக இருந்தாலும் எனக்கு அண்ணாச்சிதான் :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். 2001இல் பொட்டி தட்டும் வேலைக்காகக் கொல்கத்தா வந்தேன். இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவன், லேக் மார்க்கெட் பக்கம் வீடு பார்த்து, காய்கறிக்காரரிடம் வங்காளத்தில் பேரம் பேசுமளவுக்கு ஊன்றிவிட்டேன். இங்கே ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. பெயரை மிர்ஸா காலிப் தெரு என்று மாற்றி ரொம்ப காலம் ஆகிறது. ஆட்டோக்காரர் உட்பட யாரும் கண்டுகொள்வதில்லை. பழைய புத்தகமும் பழைய இசைத்தட்டும் விற்கிற சின்னச் சின்னக் கடைகள் அங்கே உண்டு. இளையராஜா தட்டு ஏதாவது அகப்படுமா என்று தேடிப் போனேன். கடைக்கார தாதா, "அது இல்லை, இதைக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தாருங்கள்" என்று ஒரு தட்டைக் கொடுத்தார். அட்டையில் நடுவயது ஆண் ஒருவர், பெண் ஒருவர், சாதாரண மடக்கு நாற்காலிகளில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சியின் வெள்ளைக் காலுறை கணுக்காலில் சுருண்டு கிடந்தது. பார்த்தால் நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் கடைசி வண்டிக்குக் காத்திருக்கிற தம்பதி மாதிரி இருந்தது. தட்டைத் திருப்பித் தரவேயில்லை.

அந்தத் தட்டின் பெயர் 'எல்லா அண்ட் லூயிஸ்'. பதிவானது 1956 ஆகஸ்ட் 16, ஹாலிவுட்டில். முதல் நாள் இரவுதான் இருவரும் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் கச்சேரி செய்திருந்தார்கள். மறுநாள் ஸ்டூடியோவுக்கு வந்து ஒரே நாளில் 11 பாட்டுகளையும் முடித்துவிட்டார்கள். எல்லாம்மாவுக்கு அப்போது வயது 39, அண்ணாச்சிக்கு 55. பின்னணிக்கு நாலே பேர். பியானோ ஆஸ்கர் பீட்டர்சன், கிட்டார் ஹெர்ப் எல்லிஸ், பாஸ் ரே பிரவுன், டிரம்ஸ் படி ரிச். இதில் ரே பிரவுன் யார் தெரியுமா? எல்லாம்மாவின் முன்னாள் கணவர். 1953இல் விவாகரத்து ஆகியிருந்தது. மூன்று வருடம் கழித்து அவர் தாளத்துக்கு இவர் காதல் பாட்டு பாடுகிறார். ஒரு பிசிறு தெரியாது. நம் பக்கம் சொத்துத் தகராறு வந்தால் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போவதில்லை.

இந்தப் பாட்டுகளில் பல, அதற்கு இருபது வருடம் முன்னால் சினிமாவுக்கும் மேடை நாடகத்துக்கும் எழுதப்பட்டவை. 'சீக் டு சீக்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இர்விங் பெர்லின் 1935இல் 'டாப் ஹாட்' படத்துக்காக எழுதியது, பாடியவர் ஃப்ரெட் அஸ்டேர் மட்டும். தனியாள் பாட்டு. அதை இவர்கள் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். பெரும்பாலும் ஒருவர் ஒரு முழுச் சுற்றைப் பாடி முடிப்பார். பிறகு அதே சுற்றை அடுத்தவர் தன் வழியில் பாடுவார். கடைசியில் இருவரும் சேர்வார்கள். சேரும்போது ஒருவர் மெட்டை நேராகப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அதைச் சுற்றி வருவார். ஒருவர் மனதுக்குள் பாடிக்கொண்டிருந்த பாட்டு, இந்தப் பிரிப்பினாலேயே இரண்டு பேரின் பேச்சாக மாறிவிடுகிறது.

சரி, இப்போது தங்கமணியைக் கதைக்குள் கூட்டிவருகிறேன். தங்கமணி கோபிச்செட்டிபாளையம். எட்டு வருடம் முறையாக வாய்ப்பாட்டு கற்றவர். ஐந்து கட்டையில் நல்ல கணீர்க் குரல். கல்யாணமாகி இங்கே வந்தபின் சனி ஞாயிறுகளில் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கொலு வந்தால் அந்த ஒன்பது நாளும் அவரைப் பிடிக்க முடியாது, வீடு வீடாகப் பாட்டு. அவருக்கு என் ஜாஸ் தட்டுகள் மேல் பெரிய மரியாதை கிடையாது. எல்லாம்மாவை மட்டும் ஒத்துக்கொள்வார். "அந்தம்மாவுக்கு சுருதி சுத்தம்ங்க, எங்க போனாலும் கரெக்டா வந்து உக்காருறாங்க" என்பார். அண்ணாச்சி ஆரம்பித்ததும் சமையலறையிலிருந்து சத்தம் வரும். "ஏனுங்க, அந்தம்மா எவ்வளவு அழகாப் பாடிட்டிருக்காங்க, நடுவுல இவரு எதுக்குங்க வந்து கொப்பளிக்கறாரு?"

உண்மையில் அதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அண்ணாச்சியின் குரல் ஜல்லி அள்ளுகிற சத்தம் மாதிரி இருக்கும். எல்லாம்மாவின் குரல் புதுப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. நம் சங்கீதத்தில் இப்படி இருவரைச் சேர்த்து உட்காரவைக்க மாட்டோம். ஆலத்தூர் சகோதரர்கள், ராதா-ஜெயலட்சுமி, சூலமங்கலம் சகோதரிகள், பம்பாய் சகோதரிகள் என்று நமக்கு ஜோடிகளுக்குப் பஞ்சமில்லை. ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர்களே இல்லை. ராதாவும் ஜெயலட்சுமியும் அக்கா தங்கை பிள்ளைகள் மாதிரி உறவுக்காரர்கள்தான். ஆனாலும் கேட்கிறவர்களுக்கு இரண்டு குரல் ஒரே இழையாகக் கேட்க வேண்டும், அதுதான் இலக்கணம். சினிமா டூயட்டில் டி.எம்.எஸ்.-சுசீலா, எஸ்.பி.பி.-ஜானகி என்றால் குரல் வேறு வேறுதான், ஆனால் இரண்டுமே மெருகு ஏற்றிய குரல்கள். கரகரப்பு வேண்டுமென்றால் அதற்கென்று தனிப் பாட்டு, தனிப் பாடகர்.

2016இல் தங்கமணிக்குத் தைராய்டில் ஒரு கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. குரல் நாணுக்குப் போகிற நரம்பு தைராய்டின் பின்புறத்தை ஒட்டியே ஓடுகிறது. அதற்குப் பாதிப்பு வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார். நூற்றில் ஓரிருவருக்கு வருவது இவருக்கு வந்தது. கட்டி சாதுவானது என்று ரிப்போர்ட் வந்த சந்தோஷத்தில் முதல் வாரம் நாங்கள் குரலைப் பற்றிப் பேசவேயில்லை. கிசுகிசுப்பாகப் பேசினார், சரியாகிவிடும் என்றார்கள். ஆறு மாதம் பேச்சுப் பயிற்சி. பேச்சு திரும்பி வந்தது. ஆனால் ஒரு பக்கக் குரல் நாண் முழுதாக அசையவில்லை. காற்று கசிந்து, குரல் உடைந்து, கரகரவென்றாகிவிட்டது. மேல் ஸ்தாயி அடியோடு போயிற்று. ஃபோனில் பேசினால் ஊரிலிருந்து மாமியார், "ஏனுங் மாப்ள, அவளைக் கூப்புடுங்க" என்று அவரிடமே சொன்னார்.

தங்கமணி அழுது ஆர்ப்பாட்டம் செய்கிற ரகமில்லை. ஒரு நாள் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். குழந்தைகளின் வீட்டுக்கு ஃபோன் போட்டு வேறு டீச்சர் பெயர் சொன்னார். அவ்வளவுதான். அந்த வருடக் கொலுவுக்கு நாங்கள் போன வீடுகளில் "மாமி, ஒரு பாட்டு" என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் விஷயம் தெரியும். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

நானும் வீட்டில் பாட்டுப் போடுவதைக் குறைத்துக்கொண்டேன். கர்நாடக சங்கீதம் அறவே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து கேட்டார். "அந்தக் கொப்பளிக்கறவரு தட்டு இருக்குதுங்களே, அதைப் போடுங்க."

போட்டேன். சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் கேட்டார். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். பாட்டுக் கற்றவர்கள் கேட்பதே வேறு. என்னைப் போல் சப்புக்கொட்டிக்கொண்டு கேட்பதில்லை, கணக்குப் பார்க்கிற மாதிரி கேட்பார்கள். கடைசியில் சொன்னார்: "அந்தம்மா அவங்க கட்டையில பாடலீங்க. அவங்களுக்கு இன்னும் மேல சௌகரியமா இருக்கும். எறங்கி வந்து பாடறாங்க."

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம். இந்தத் தட்டைத் தயாரித்த நார்மன் கிரான்ஸ் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். எந்தப் பாட்டு என்பதை லூயிஸே தேர்ந்தெடுக்கட்டும் என்று எல்லாம்மா பிடிவாதமாக இருந்தாராம். தனக்கு ஒத்துவராவிட்டாலும் பரவாயில்லை என்று அண்ணாச்சிக்கு வசதியான கட்டையிலேயே பாடினாராம். அந்த 1956இல் எல்லாம்மா ஒன்றும் புதுப் பாடகி இல்லை. 1934இல் நியூயார்க் அப்போலோ தியேட்டரில் புதுமுகப் போட்டியில் ஜெயித்து வந்தவர், இருபது வருடத்துக்கு மேலாக உச்சத்தில் இருப்பவர். அவர் இறங்கி வந்தார். அண்ணாச்சிக்கு இரக்கப்பட்டு இல்லை, மரியாதை. எல்லாம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோதே அண்ணாச்சி பெரிய ஆள். 1920களிலேயே, வார்த்தை இல்லாமல் வெறும் ஒலிகளால் பாடுகிற ஸ்காட் பாணியைத் தட்டில் பதித்துப் பரப்பியவர் அவர். 1960இல் பெர்லின் கச்சேரியில் 'மேக் தி நைஃப்' பாடும்போது எல்லாம்மாவுக்கு வரிகள் மறந்துபோயின. நிறுத்தவில்லை. வரிகளை அங்கேயே இட்டுக்கட்டி, நடுவில் அண்ணாச்சி குரலில் கரகரவென்று பாடிக் கைதட்டல் வாங்கினார். அந்தப் பாட்டுக்கு கிராமி விருதும் கிடைத்தது. அது கேலி இல்லை. தடுமாறுகிறபோது எந்தக் குரல் வாயில் வருகிறதோ அதுதான் மனதில் இருக்கும் குரல்.

இந்த டூயட்டுகள் ஏன் இத்தனை வருடம் கழித்தும் கேட்கச் சலிக்கவில்லை என்று நான் நிறைய யோசித்ததுண்டு. தங்கமணி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். இங்கே இரண்டு குரலும் ஒன்றாகக் குழைவதில்லை. அண்ணாச்சி தன் குரலை மெருகேற்ற முயற்சி செய்யவில்லை. எல்லாம்மா தன் குரலை முரடாக்கிக்கொள்ளவில்லை. ஆனால் ஒருவர் பாடும்போது இன்னொருவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது நமக்கே கேட்கிறது. அவர் எங்கே மூச்சு விடுகிறார், எங்கே வரியை இழுக்கிறார் என்று பார்த்து அந்த இடைவெளியில் இவர் ஒரு சின்ன முனகலை வைக்கிறார். ஒரே அறையில், ஒரே நேரத்தில், நாலு பேர் வாத்தியத்தோடு பாடியதால்தான் அது வந்தது. இன்று ஒருவர் சென்னையில் பாடி, இன்னொருவர் மும்பையில் பாடி, கம்ப்யூட்டரில் ஒட்டுகிறார்கள். பாட்டு நன்றாகவே இருக்கும். கேட்டுக்கொள்கிற அந்த நேரம் மட்டும் அதில் இருக்காது.

இவ்வளவு லேசாகப் பாடியவர்களின் வாழ்க்கை லேசானதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் தட்டுக்குப் பத்து மாதம் முன்னால், 1955 அக்டோபரில், ஹூஸ்டன் நகரில் கிரான்ஸ் ஒரு கச்சேரி நடத்தினார். வெள்ளையரும் கறுப்பரும் கலந்துதான் உட்கார வேண்டும், தனித்தனி இருக்கை கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. போலீஸ் மேடைக்குப் பின்னால் புகுந்து, சூதாட்டம் என்று சொல்லி, ஒப்பனை அறையில் இருந்த எல்லாம்மாவையும் சேர்த்துக் கைது செய்தது. கட்டணம் கட்டிவிட்டு வந்து இரண்டாவது காட்சியைப் பாடினார்கள். அடுத்த வருடம் நிலா, மழை, காதல் என்று இந்தப் பாட்டுகள். வேறு ஒரு வேலையும் இல்லாதவர்கள் பாடிய பாட்டாக இவற்றை என்னால் கேட்க முடியவில்லை.

எங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு (கொல்கத்தாவை எங்கள் ஊர் என்று எழுதுமளவுக்கு ஆகிவிட்டது, பாளையங்கோட்டை மக்கள் மன்னிக்க). அதே 1956இல்தான் பார்க் ஸ்ட்ரீட்டில் மொகாம்போ ஹோட்டல் திறந்தது. அங்கே முதலில் பாடியவர் பாம் கிரெய்ன், ஜாஸ் பாடகி, 2013இல் காலமானார். நாலு கடை தள்ளி டிரிங்காஸ். அங்கே 1969இல் புடவை கட்டிக்கொண்டு, நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாட வந்தார் ஒரு பெண். பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், அதற்கு முன் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில் பாடியவர். உஷா உதுப். பள்ளிக்கூடத்தில் குரல் ஒத்துவரவில்லை என்று பாட்டு வகுப்பிலிருந்து அனுப்பப்பட்டவர். அந்தக் கட்டைக் குரலை வைத்துக்கொண்டே ஐம்பது வருடத்துக்கு மேல் பாடி, 2024இல் பத்ம பூஷண் வாங்கினார். தங்கமணிக்கு நான் இதைச் சொன்னபோது, "அவங்க குரல் பொறந்ததே அப்படிங்க. எனக்கு இருந்து போனது" என்றார். சரியான பதில். எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

2018 நவராத்திரி. வெளியே துர்கா பூஜைப் பந்தலில் டாக் முழங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கொலுவுக்கு ஏழெட்டுக் குடும்பங்கள் வந்திருந்தார்கள். மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அம்மாவிடம் பால பாடத்திலிருந்து கற்றவள். அவளுக்கு ஐந்தரைக் கட்டை. பரணில் இருந்த பெட்டியை அவளே இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். பாட உட்கார்ந்தவள், பெட்டியில் கட்டையை மூன்றுக்குத் திருகினாள். பக்கத்தில் இருந்த மாமி ஒருவர், "என்னடி கொழந்தே, இவ்வளவு கீழே வெச்சுட்டே?" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. "அம்மா, நீ எடு" என்றாள்.

தங்கமணி என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அந்த நொடியில் எழுந்து காபி போடப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எடுத்தார். ஒரு சின்னக் கீர்த்தனையின் பல்லவி. குரல் உடைந்தது, இரண்டு இடத்தில் வெறும் காற்று வந்தது. ஆனால் சுருதி அப்படியே நின்றது. தொண்டைதான் போயிருந்தது, காது போகவில்லை. அனுபல்லவியை மகள் வாங்கினாள். மூன்று கட்டையில் அவளுக்குக் கீழே இறங்க வரவில்லை, மந்திர பஞ்சமம் கிட்டத்தட்டக் காணாமலே போயிற்று. இருவரில் யாருக்கு அதிகக் கஷ்டம் என்று சொல்ல முடியாது. சரணத்தில் சேர்ந்து பாடினார்கள். அழகாக இருந்ததா என்று கேட்டால், சபாவில் யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள். கொலுவுக்கு வந்திருந்த வங்காளிப் பக்கத்து வீட்டம்மா மட்டும் "தாருண்!" என்று சத்தமாகச் சொன்னார். எங்கள் ஆட்கள் சுண்டலை வாயில் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ராத்திரி மகளிடம் கேட்டேன், மூன்று என்று யார் சொன்னது என்று. "அம்மா நாள் முழுக்க சமையல் ரூம்ல முனகுவாங்கப்பா. கீபோர்டுல வெச்சுப் பாத்தேன்" என்றாள். எல்லாம்மா கதையெல்லாம் அவளுக்குத் தெரியாது. அந்தத் தட்டை நான் போட்டால் அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்கிற ஆள்.

டூயட் வயதாளிகளின் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு ஜோடி: டோனி பென்னட், லேடி காகா. 2014இல் 'சீக் டு சீக்' என்ற பெயரிலேயே ஆல்பம் போட்டார்கள். பென்னட்டுக்கு அப்போது 88 வயது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்துக்கு வந்தது. பிறகு அவருக்கு அல்சைமர் நோய் என்று 2021இல் குடும்பத்தார் வெளியே சொன்னார்கள். அந்த ஆகஸ்டில், தன் 95வது பிறந்தநாளன்று, நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கில் காகாவோடு மேடையேறினார். அன்றாட விஷயங்கள் நினைவில் நில்லாத மனிதர், இசை ஆரம்பித்ததும் பாட்டுகளை வரி பிசகாமல் பாடினார். அவர் கையைப் பிடித்து மேடையிலிருந்து அழைத்துப்போனது காகாதான். 2023இல் பென்னட் காலமானார். வீட்டில் மறதி வந்த பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் அந்தக் காணொளியைப் பாருங்கள். யார் இறங்கி வருகிறார்கள், யார் தாங்குகிறார்கள் என்பது பாட்டுக்குப் பாட்டு மாறிக்கொண்டேதான் இருக்கும் போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் சண்டையும் டூயட்தான். எல்லாம்மாவும் அண்ணாச்சியும் 1957இல் இரண்டாவது தட்டு போட்டார்கள். அதில் கெர்ஷ்வின் சகோதரர்களின் பாட்டு ஒன்று உண்டு, 1937இல் 'ஷல் வி டான்ஸ்' படத்துக்கு எழுதியது. ஒரே வார்த்தையை அவர் ஒரு மாதிரி உச்சரிக்கிறார், இவர் ஒரு மாதிரி உச்சரிக்கிறார், இது சரிப்படாது, பிரிந்துவிடலாமா என்று போகும். எனக்கு வாரியல், தங்கமணிக்குச் சீமாறு. எனக்குச் சாரம், அவருக்கு லுங்கி. எனக்கு விருந்தாளி, அவருக்கு ஒறம்பரை. மகளுக்கு மூன்றாவதாக ஒரு வங்காள வார்த்தை. இருபத்து சொச்சம் வருடமாக ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அவர் சீமாறு கேட்டால் நான் வாரியலை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

மகள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தங்கமணி மறுபடி மூன்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மேல் ஸ்தாயி வந்தால் வாயால் பாடாமல் கீபோர்டில் வாசித்துக் காட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் அம்மாவும் பெண்ணும் பாடுவார்கள். அதில் ஒரு தொல்லை உண்டு, முயற்சி செய்தவர்களுக்குத் தெரியும். இங்கே பாடுவது அங்கே போய்ச் சேர அரை நொடி தாமதம். சேர்ந்து பாடினால் தாளம் ஓடிவிடும். எவ்வளவு நல்ல நெட் இருந்தாலும் அந்த அரை நொடி போகாது. அதனால் ஒரு ஏற்பாடு. இவர் ஒரு வரி பாடி நிறுத்துவார். அது பெங்களூர் போய்ச் சேரும். அவள் கேட்டு முடித்து அடுத்த வரியைப் பாடுவாள். அது இங்கே வந்து சேரும்வரை இவர் காத்திருப்பார். சேர்ந்து பாடுவதை லீவுக்கு அவள் வரும்போது வைத்துக்கொள்கிறார்கள்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள், முதல் தட்டின் முதல் பாட்டான 'கேன்ட் வி பி ஃப்ரெண்ட்ஸ்' போட்டு ஆரம்பியுங்கள். அடுத்து 'சீக் டு சீக்'. அதில் அண்ணாச்சி முதலில் வருவார், பயப்படாதீர்கள். கொஞ்சம் பழகியபின் இவர்கள் 1950இல் பாடிய 'டிரீம் எ லிட்டில் டிரீம் ஆஃப் மீ'. அதற்கப்புறம் ரே சார்ல்ஸும் பெட்டி கார்ட்டரும் 1961இல் போட்ட டூயட் தட்டு. இப்போது எல்லாம் ஃபோனிலேயே கிடைக்கிறது, ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில் தூசி தட்ட வேண்டியதில்லை. சமையல் நேரத்தில் போடுங்கள். உள்ளேயிருந்து "யாருங்க அது கொப்பளிக்கறது?" என்று குரல் வந்தால் சத்தத்தைக் குறைக்காதீர்கள், இன்னும் நாலு வரியில் எல்லாம்மா வந்துவிடுவார்.